காய் இறங்கிய பின் மரத்தை நினைப்போமா?

ஆடி மாதம் பிறந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் மேற்கே, மலையடிவாரத்து மாந்தோப்புகளில் அமைதி குடிகொள்கிறது. சித்திரையிலிருந்து ஆனி வரையில் அங்கே இரவும் பகலும் ஆள் நடமாட்டம் இருந்தது. காவற்குடிசையில் விளக்கு எரிந்தது. தொரட்டியும் வலையும் கூடையுமாகப் பறிப்பவர்கள் வந்தார்கள். வண்டி வண்டியாகக் காய் ஏறியது. கடைசிச் சுமை போனதும் குடிசையைப் பிரிக்கிறார்கள். தோப்புக்காரர் கணக்குப் பார்க்கிறார். பிள்ளைகளின் பள்ளிச் செலவு, வீட்டுக் கடன், மகளின் திருமணம் என்று வந்த பணம் ஒவ்வொரு திசையில் செல்கிறது. அதன்பின், தை மாதத்தில் பூ தெரியும் வரையில் தோப்புக்குள் நுழைந்து மரத்தை நிமிர்ந்து பார்ப்பவர் அரிது.

மரத்திற்கோ அந்த ஆடி மாதமே ஆண்டின் தொடக்கம். காயைச் சுமந்து களைத்து நிற்கும் அது, அடுத்த பூவுக்கு வேண்டியதை அப்போதிலிருந்தே சேர்க்க வேண்டும். முறிந்த கிளை முறிந்தபடி தொங்க, அடிமண் இறுகிக் கிடக்க, துளைத்த புழு துளைத்தபடி இருக்க, அது எதைச் சேர்க்கும்? "சென்ற ஆண்டு நன்றாகக் காய்த்தது, இந்த ஆண்டு ஏமாற்றிவிட்டது" என்று மரத்தின்மேல் நாம் குறை கூறுகிறோம். ஏமாற்றியது மரமா, நாமா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது தோப்பு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு மட்டுமன்றி, வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு மாமரம் வைத்திருப்போருக்கும் பயன் தரும்.

நம் அடிவாரத்தின் கனி

விருதுநகர் மாவட்டம் என்றவுடன் வெளியூராருக்குக் கரிசல் நிலமும் பருத்தியும் சிவகாசிப் பட்டாசுமே நினைவுக்கு வரும். மாவட்டத்தின் மேற்கு எல்லை அப்படிப்பட்டதன்று. வத்திராயிருப்பு முதல் ஸ்ரீவில்லிபுத்தூர், மம்சாபுரம், இராஜபாளையம், சேத்தூர் வரையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் மாவும் தென்னையும் செழித்து நிற்கின்றன. மலையோடைகள் கொண்டுவந்து சேர்த்த மண்ணில் நீர் தங்காமல் வடிகிறது. மாமரத்திற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேறு வேண்டியதில்லை. ஈரத்தை விரும்பும் வேர், தேங்கும் நீரைத் தாங்குவதில்லை.

இங்கே கிளிமூக்கு, நீலம், பங்கனபள்ளி, அல்போன்சா, இமாம்பசந்து முதலிய பல வகைகள் உண்டு. ஆயினும் இப்பகுதிக்கே உரிய பெருமை சப்பட்டைக்குத்தான். பெயருக்கேற்பத் தட்டையாயிருக்கும் இக்கனி, சுவையில் எந்தப் பெயர்பெற்ற மாவுக்கும் குறைந்ததன்று. பஞ்சவர்ணமும் இவ்வட்டாரத்தார் விரும்பி வளர்க்கும் வகையே.

இவ்வகைகளைப் பற்றி ஓர் உண்மையை நாம் மனத்தில் இருத்த வேண்டும். நெல்லையோ கம்பையோ போல இவற்றை விதையில் சேமித்து வைக்க இயலாது. மாங்கொட்டையை உலரவிட்டால் சில வாரங்களில் முளைக்கும் திறனை இழந்துவிடும். முளைத்தாலும், நம் வகைகளில் பெரும்பாலானவற்றில் மகள் மரம் தாய் மரத்தைப் போலக் காய்க்கும் என்ற உறுதி இல்லை. தாயின் குணம் மாறாமல் தொடர வேண்டுமாயின் அதன் குருத்தை எடுத்து வேறொரு நாற்றில் ஒட்டுக்கட்ட வேண்டும். கோவாவில் இக்கலையை வளர்த்துப் பரப்பியவர்கள் போர்த்துகீசியர். அவர்களோடு வந்த துறவியருக்கும் அதில் பங்குண்டு என்பர். 1510-இல் கோவாவைக் கைப்பற்றிய அல்போன்சோ டி அல்புகர்க் என்பவரின் பெயரே அல்போன்சா மாவுக்கு வழங்குகிறது.

ஆகவே ஒரு வகையின் உயிர் அதன் மரங்களில் இருக்கிறது. நல்ல சப்பட்டைத் தாய்மரம் ஒன்று கவனிப்பாரின்றிப் பட்டுப்போனால், அதனோடு போவது ஒரு மரத்தின் விறகு மட்டுமன்று. அதிலிருந்து எடுத்திருக்கக்கூடிய எத்தனையோ ஒட்டுக் கன்றுகளும் போகின்றன.

பூ எங்கே பிறக்கிறது?

மாமரத்தின் பூங்கொத்து கிளைகளின் நுனியில் தோன்றுவது. எல்லா நுனியும் பூப்பதில்லை. அறுவடைக்குப் பின் புதிதாகத் தளிர்த்து, அத்தளிர் சிவப்பு நிறம் மாறிப் பச்சையாகி, பல மாதங்கள் வெயில் குடித்து முற்றிய நுனியே தை மாதத்தில் பூக்க வல்லது. இந்த ஆண்டு காயைச் சுமந்த கிளை, காய் இறங்கியதும் விரைவில் தளிர்த்தால் அடுத்த ஆண்டும் அதில் பூ காணலாம். களைப்பினால் தளிர்க்கத் தாமதித்தால் அந்தத் தளிர் தை மாதத்திற்குள் முற்றாது. பூவுக்குப் பதிலாக இலையே வரும். ஓராண்டு மிகுதியாகவும் மறு ஆண்டு அரிதாகவும் காய்க்கும் வழக்கத்திற்கு இதுவே முதன்மையான காரணம். நீலமும் கிளிமூக்கும் ஆண்டுதோறும் காய்க்கும் இயல்புடையவை. மற்றவற்றுள் பலவும் ஓராண்டு விட்டு ஓராண்டு ஓய்வெடுக்கும். இயல்பை முற்றிலும் மாற்ற இயலாது. ஆனால் மரத்தின் களைப்பைத் தீர்ப்பது நம் கையில் இருக்கிறது.

தளிர் முற்றிய பின் பூவாக மாறுவதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும். ஒவ்வொரு மரத்திற்கும் அது ஒவ்வொரு விதம். ஆப்பிள் மரத்தை எடுத்துக்கொள்வோம். அது குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழவேண்டிய மரம். இமாசலத்திலும் காசுமீரத்திலும் விளையும் டெலிசியஸ் முதலிய வகைகளுக்கு 7 டிகிரிக்கும் குறைந்த குளிர் ஏறத்தாழ 1000 மணி நேரம் தேவை. நம் மாநிலத்தில் கொடைக்கானலும் நீலகிரியும் போன்ற உயர்ந்த மலைகளில்தான் ஆப்பிள் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள். குறைந்த குளிரிலும் காய்க்கும் வகைகளும் இன்று உண்டு. இமாசலப் பிரதேசத்து விவசாயி ஹரிமன் சர்மா கண்டெடுத்த வகை அத்தகையது. அதற்காக அவருக்கு 2025-இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. அதனை நம்பி, சமவெளியில் ஆப்பிள் கன்று வாங்கி நடும் ஆசை இப்போது பலருக்கு வந்திருக்கிறது. ஆசையில் குற்றமில்லை. ஆனால் அந்தக் கன்றுக்குத் தினமும் தண்ணீர் சுமப்பவர், அதே கொல்லையில் தாத்தா நட்ட மாமரத்திற்கு ஆண்டுக்கு ஒரு கூடை எருவும் இடாதிருப்பதுதான் வியப்பு.

நம் மாமரம் கேட்கும் தூண்டுதல் எளியது: மழை ஓய்ந்தபின் சில வாரங்கள் வறட்சி, மார்கழியின் குளிர்ந்த இரவுகள். இவற்றை இயற்கையே தருகிறது. நாம் செய்யவேண்டியது அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலை.

ஆடி முதல் ஐப்பசி வரை

அறுவடை முடிந்ததும் முதல் வேலை கவாத்து. காய்ந்த கிளைகள், நோயுற்ற கிளைகள், பறிக்கும்போது முறிந்தவை, ஒன்றின்மேல் ஒன்று உராய்பவை ஆகியவற்றை ஆடி, ஆவணி மாதங்களில் நீக்கிவிட வேண்டும். மரத்தின் நடுவே வெயில் இறங்கவேண்டும் என்பதே நோக்கம். அடர்ந்து இருண்ட மரத்தில்தான் தத்துப்பூச்சி தங்கிப் பெருகுகிறது. சிறு கிளைகளைச் சீவி வெட்டலாம். பெரிய கிளையை முதலில் அடிப்புறம் சிறிது அறுத்து, பின்பு மேலிருந்து அறுக்க வேண்டும். இல்லையேல் கிளை சாயும்போது தாய்மரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். வெட்டுவாயில் போர்டோ பசை பூசுவது நல்லது. மயில்துத்தம் 1 கிலோ, நீற்றுச் சுண்ணாம்பு 1 கிலோ ஆகியவற்றைத் தனித்தனியே நீரில் கரைத்து, மொத்தம் 10 லிட்டராகும்படி கலந்தால் பசை ஆயிற்று. இரும்புப் பாத்திரம் ஆகாது. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது.

இரண்டாவது, புல்லுருவி. பறவைகள் கொண்டுவரும் விதையிலிருந்து கிளையின்மேல் முளைத்து, மரத்தின் சாற்றையே உண்டு வாழும் செடி இது. பலர் இதன் இலையை மட்டும் ஒடித்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். அதன் வேர் கிளைக்குள் பரவியிருப்பதால் மீண்டும் தழைக்கும். ஒட்டிய இடத்திற்குச் சற்றுக் கீழே கிளையோடு வெட்டி எறிவதே வழி. புல்லுருவி பூத்துக் காய்ப்பதற்கு முன் இதைச் செய்தால் பக்கத்து மரமும் பிழைக்கும்.

மூன்றாவது, தண்டு துளைப்பான். அடிமரத்திலோ பெருங்கிளையிலோ துளையும், அதன் கீழே மரத்தூள் போன்ற கழிவும் தென்பட்டால் உள்ளே புழு இருக்கிறது என்று பொருள். விரல் பருமனுள்ள அந்தப் புழு உள்ளிருந்தே மரத்தைத் தின்னும். நுனி வளைந்த கம்பியைத் துளைக்குள் செலுத்திப் புழுவை வெளியே இழுத்துக் கொன்று, துளையைக் களிமண்ணால் அடைக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை மரத்தைச் சுற்றி வந்து அடிமரத்தைப் பார்க்கும் வழக்கமுள்ள வீட்டில் இந்தப் புழுவால் மரம் சாவதில்லை. ஒரு கிளை முழுதும் வாடிய பிறகு பார்ப்பவருக்குக் கோடரிதான் கைகொடுக்கும்.

நான்காவது, உரம். ஆறு வயதுக்கு மேற்பட்ட மரம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 50 கிலோ மட்கிய தொழுஉரமும், 1 கிலோ தழைச்சத்து, 1 கிலோ மணிச்சத்து, 1½ கிலோ சாம்பல் சத்து ஆகியவையும் வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கடைச் சரக்காகச் சொன்னால் யூரியா ஏறத்தாழ 2¼ கிலோ, சூப்பர் பாஸ்பேட் 6¼ கிலோ, பொட்டாஷ் 2½ கிலோ ஆகும். இளங்கன்றுக்கு முதலாண்டில் 10 கிலோ தொழுஉரமும், மேற்கண்ட உரங்களில் ஐந்தில் ஒரு பங்கும் போதும். பின்னர் ஆண்டுதோறும் அதே அளவு கூட்டிக்கொண்டே செல்லலாம். மண்ணை ஆய்வுக்கு அனுப்பிப் பார்த்து இந்த அளவைத் திருத்திக்கொள்வது இன்னும் சிறந்தது.

உரத்தை எங்கே இடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அடிமரத்தையொட்டிக் குவிப்பதால் பயனில்லை. உண்ணும் வேர்கள் அங்கில்லை. உச்சிவேளையில் மரத்தின் நிழல் விழும் வட்டத்தைப் பாருங்கள். அடிமரத்திலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, அந்த நிழலின் ஓரம் வரையில் மண்ணைக் கொத்தி, உரத்தைப் பரப்பி, மண்ணோடு கலந்து மூட வேண்டும். புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் ஈரம் உள்ளபோது செய்வது ஏற்றது. கார்த்திகைக்கு மேல் யூரியா இட்டால் மரம் பூவை மறந்து தளிர்க்கத் தொடங்கும்.

பூவும் பிஞ்சும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தது முதல் பிஞ்சு பிடிக்கும் வரையில் காய்க்கும் மரத்திற்கு நீர் பாய்ச்சலாகாது. "மரம் வாடுகிறதே" என்று இரக்கப்பட்டுத் தண்ணீர் விடுவது அதற்குச் செய்யும் நன்மையன்று. பிஞ்சு பட்டாணி அளவு வந்தபின் நீர் பாய்ச்சினால் உதிர்வது குறையும்.

ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல் பூக்கள் உண்டு. அவற்றில் பெரும்பகுதி ஆண் பூக்கள். எஞ்சியவற்றிலும் மிகச் சிலவே கனியாகும். கொத்துக்கு ஓரிரு காய் நின்றாலே அது நல்ல விளைச்சல். ஆகவே பூ உதிர்வதைக் கண்டு கலங்கி, கடைக்காரர் கொடுத்த மருந்தையெல்லாம் தெளிக்க வேண்டியதில்லை.

எனினும் இரண்டு பகைகளைக் கவனித்தே ஆகவேண்டும். ஒன்று தத்துப்பூச்சி. மரத்தின் கீழ் நிற்கும்போது முகத்தில் வந்து மோதும் சிறு பூச்சிகள் இவை. பூவின் சாற்றை உறிஞ்சுவதோடு, இனிப்பான கழிவை இலையில் சிந்துகின்றன. அதன்மேல் கரும்பூஞ்சணம் படிந்து மரமே கரிபூசினாற்போல் ஆகிறது. பூங்கொத்து வெளிவரும் தருணத்தில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளித்தால் தொடக்கத்திலேயே அடக்கலாம். மற்றொன்று சாம்பல் நோய். பூங்கொத்தின்மேல் வெண்ணிற மாவு தூவியதுபோல் தோன்றும். நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம் வீதம் தெளித்தால் கட்டுப்படும். கந்தகத்தையும் எண்ணெயையும் ஒன்றாகக் கலக்கலாகாது. இரண்டுக்கும் இடையே இரண்டு வாரமாவது கழியவேண்டும். இல்லையேல் பூவும் இலையும் கருகிவிடும்.

பூ முழுதும் விரிந்திருக்கும் நாட்களில் எந்தப் பூச்சிமருந்தையும் தெளிக்காதிருங்கள். ஈக்களும் தேனீக்களும் வந்து மகரந்தம் சேர்க்கும் நேரம் அது. அவற்றைக் கொன்றுவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று வருந்துவதில் பொருளில்லை.

காய் முற்றும் காலத்தில் பழ ஈ வரும். தோலைத் துளைத்து முட்டையிடும் இந்த ஈயால், வெளியே அழகாய் இருக்கும் கனியினுள் புழு நெளியும். விழுந்த கனியை அப்படியே கிடக்கவிட்டால் புழு மண்ணுக்குள் இறங்கி, கூட்டுப்புழுவாகி, மீண்டும் ஈயாக எழும். நாள்தோறும் விழுந்தவற்றைப் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைப்பது மலிவான மருத்துவம். வீட்டுப் பிள்ளைகளே செய்யக்கூடியது. மெத்தில் யூஜினால் வைத்த பொறிகளைத் தோப்பில் கட்டி ஆண் ஈக்களைப் பிடிப்பதும் நல்ல பலன் தருகிறது.

பறிப்பதிலும் பண்பு வேண்டும்

காம்பின் இருபுறமும் தோள் உயர்ந்து, தண்ணீரில் இட்டால் மூழ்கும் காய் முற்றிய காய். நல்ல விலை வருகிறதென்று முற்றாத காயைப் பறித்தால் அது பழுக்காது, வதங்கும். உலுக்கியும் கல்லெறிந்தும் பறிக்காமல், வலை கட்டிய தொரட்டியால் சிறிது காம்புடன் பறிக்க வேண்டும். காம்பிலிருந்து வடியும் பால் தோலில் பட்டால் கறுத்த தழும்பாகும். ஆதலால் காம்புப்புறம் கீழாகச் சற்று நேரம் வைத்துப் பால் வடித்த பின்னரே கூடையில் அடுக்க வேண்டும்.

பழுக்க வைக்க வைக்கோல் போதும். கார்பைடு கல் வைப்பது பெருந்தவறு. அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் முதலிய நச்சுப் பொருள்கள் கலந்திருக்கக்கூடும். இந்தியாவில் பழங்களை அவ்வாறு பழுக்க வைப்பதை 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. வணிகர்களுக்கு அளவாக எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த அனுமதி உண்டு. நம் குழந்தை உண்ணத் தயங்கும் பழத்தைப் பிறர் குழந்தைக்கு விற்பது எவ்வகையில் நியாயம்?

மலையடிவாரத் தோப்புக்காரர்களுக்கு வேறொரு கவலையும் உண்டு. நரை அணில் எனப்படும் சாம்பல் நிற மலை அணிலுக்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988-இல் சரணாலயம் ஏற்பட்டது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து அது புலிகள் காப்பகமாயிற்று. பழ வாசனை நாடி அணிலும் பன்றியும் யானையும் தோப்புக்கு வருகின்றன. ஒரே இரவில் யானை செய்யும் சேதம் ஓர் ஆண்டு உழைப்பை அழிக்கும் என்பது அனுபவித்தவர்க்கே தெரியும். ஆயினும் கள்ளத்தனமாக மின்வேலி இடுவது சட்டத்திற்கும் மனச்சாட்சிக்கும் விரோதம். இரவில் தோப்புக்கு வரும் சொந்த மனிதரையே அது பலிகொள்ளக்கூடும். விழுந்த கனிகளை உடனுக்குடன் அகற்றுவதும், சேதத்தை வனத்துறையினரிடம் பதிந்து இழப்பீடு கேட்பதுமே முறையான வழி.

குத்தகையும் மரமும்

இனி, பலரும் பேசத் தயங்கும் செய்திக்கு வருவோம். நம் குடும்பங்களில் பல, தோப்பைப் பூவிலேயே வியாபாரிக்கு விலைபேசி விட்டுவிடுகின்றன. அவசரத்திற்குப் பணம் கிடைக்கிறது. காவல் காக்கும் தொல்லை இல்லை. இதில் தவறில்லை. வியாபாரியும் மழைக்கும் காற்றுக்கும் அஞ்சி முதல்போடுபவரே. ஆனால் அவர் வாங்குவது அந்த ஆண்டின் காயை, மரத்தை அன்று. ஆடி மாதத்தில் மரத்திற்குச் செலவு செய்யும் கடமை அவருக்கு இல்லை. நாமோ, "தோப்பைத்தான் கொடுத்துவிட்டோமே" என்று இருந்துவிடுகிறோம். இருவருக்கும் நடுவே மரம் அநாதையாகிறது.

மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று சேர்த்துக் குத்தகை விடும்போது ஆபத்து இன்னும் பெரிது. ஆண்டுதோறும் காய் கண்டாக வேண்டும் என்ற நெருக்கடியில், பாக்லோபியூட்ரசால் என்னும் மருந்தை வேரடியில் ஊற்றுவது உண்டு. மரத்தின் தளிர் வளர்ச்சியைத் தடுத்துப் பூக்கச் செய்யும் மருந்து இது. அறிந்தவர் சொல்லும் அளவில், திடமான மரத்திற்கு, உரமும் நீரும் தந்து பயன்படுத்தினால் பலன் உண்டு. ஆனால் அது மண்ணில் நெடுநாள் தங்கும். இளைத்த மரத்திற்கு அளவின்றி ஆண்டுதோறும் ஊற்றினால் தளிர்கள் குறுகிக் கொத்தாகி, மரம் வளர்ச்சி குன்றிப்போகும். குத்தகைக் காலம் முடிந்து தோப்பு திரும்பும்போது நம் கைக்கு வருவது பாட்டனார் நட்ட அதே மரம் அன்று.

ஆகவே குத்தகைச் சீட்டில் தொகையை மட்டும் எழுதாமல் வேறு சிலவற்றையும் எழுதுங்கள். எந்த மருந்து, எத்தனை முறை தெளிக்கலாம்; வேரடியில் மருந்து ஊற்ற உரிமையாளரின் சம்மதம் வேண்டும்; கிளையை முறிக்கலாகாது; அறுவடைக்குப் பின் கவாத்தும் உரமும் யார் பொறுப்பு என்பன அதில் இருக்கட்டும். கிடைத்த தொகையில் ஒரு சிறு பங்கை எருவுக்கும் கூலிக்கும் என்று அன்றைக்கே தனியே எடுத்து வைக்கும் குடும்பம், பத்தாண்டுக்குப் பின்னும் அதே மரத்தில் காய் காணும்.

புதிதாக நடுவோருக்கு

ஆடி முதல் கார்த்திகை வரை கன்று நட ஏற்ற காலம். மூன்றடி நீள, அகல, ஆழமுள்ள குழி எடுத்து, சில வாரம் வெயில் காயவிட்டு, மேல்மண்ணுடன் 10 கிலோ தொழுஉரம் கலந்து நிரப்ப வேண்டும். தோப்பாக நட்டால் மரத்திற்கு மரம் 30 அடி இடைவெளி பழைய கணக்கு. நெருக்கி நடும் முறையும் இன்று உண்டு. ஆனால் அதில் ஆண்டுதோறும் கவாத்து தவறலாகாது.

கன்றை வாங்கும்போது அதன் உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒட்டு நன்றாகக் கூடியிருக்கிறதா, தாய்மரம் எது என்று கேளுங்கள். இயன்றால் அந்தத் தாய்மரத்தையே போய்ப் பாருங்கள். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேல் அரையடி தெரியும்படி நட்டு, காற்றில் ஆடாமல் ஊன்றுகோல் கட்டுங்கள். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பது நாட்டு மா. அதைக் கண்டவுடன் கிள்ளிவிட வேண்டும். விட்டுவைத்தால் ஒட்டு மெலிந்து, நாட்டு மா மரமாகிவிடும். சப்பட்டை நட்டவர் புளிப்புக் காய் பறிக்க நேர்வது இதனால்தான்.

ஒட்டுக்கன்று இரண்டாம் ஆண்டிலேயே பூத்து ஆசை காட்டும். முதல் மூன்றாண்டுகள் வரும் பூவைக் கிள்ளி எறியுங்கள். குழந்தையின் தலையில் சுமை ஏற்றுவதில்லை அல்லவா? மூன்றடி உயரத்திற்கு மேல் நான்கு திசையிலும் நான்கு கிளைகள் விரியுமாறு விட்டு, மற்றவற்றை நீக்கினால் மரம் குடைபோல் அமையும். மரங்களுக்கிடையே நிலக்கடலை, உளுந்து, காய்கறி போட்டுக்கொண்டால் அந்த ஆண்டுகளில் வருவாய்க்கும் குறைவில்லை. வீட்டில் குழந்தை பிறந்த ஆண்டில் நட்டால், அது பள்ளிக்குச் செல்லும் வயதில் மரமும் காய்க்கத் தொடங்கும். இரண்டும் ஒரே வீட்டில் வளர்வது பெற்றோருக்கு ஒரு மகிழ்ச்சி.

இன்னும் ஓர் ஆண்டு

முதிர்ந்து, அடர்ந்து, உச்சியில் மட்டும் நாலு காய் காட்டும் மரத்தை வெட்டிவிடலாமா என்று கேட்போர் உண்டு. அடிமரம் திடமாக இருந்தால் வெட்ட வேண்டாம். மூன்று அல்லது நான்கு நல்ல கிளைகளை விட்டு, அவற்றையும் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் குறைத்து, வெட்டுவாயில் பசை பூசி, எரு இட்டு நீர் விட்டால், புதுத் தளிர்கள் கூட்டமாக வரும். திடமான சிலவற்றை விட்டு மற்றவற்றைக் களைய வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் மீண்டும் காய்க்கும். இலக்னோவிலுள்ள மத்திய தோட்டக்கலை ஆய்வு நிறுவனம் இம்முறையை உழவர்களிடையே பரப்பியிருக்கிறது. ஒரே ஆண்டில் எல்லா மரங்களையும் குறைக்காமல் வரிசை விட்டு வரிசையாகச் செய்தால் வருவாய் முழுதும் நின்றுபோகாது. வெட்டிய மரத்தைத் தண்டு துளைப்பான் நாடும் என்பதால் அந்த ஆண்டுகளில் கண் விழிப்பாயிருக்க வேண்டும். ஐயம் இருந்தால் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையோ, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியையோ அணுகலாம்.

கனி கொடாத அத்திமரத்தைப் பற்றிய உவமையை நற்செய்தியில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். மூன்றாண்டுகள் வந்து பார்த்து ஏமாந்த உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரர் இன்னும் ஓர் ஆண்டுத் தவணை கேட்கிறார். அந்தத் தவணையை நினைவில் வைத்திருக்கும் நாம், அந்த ஓர் ஆண்டில் அவர் செய்வதாக ஒப்புக்கொண்ட வேலையைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். மரத்தைச் சுற்றிக் கொத்தி எரு இடுவது அந்த வேலை. அவர் மரத்திற்காகப் பரிந்து பேசியதோடு நிற்கவில்லை; மண்வெட்டியையும் கையில் எடுத்தார்.

அன்பார்ந்த வாசகர்களே, இந்த ஆடியில் காய் இறங்கிய தோப்புக்குள் ஒருமுறை செல்லுங்கள். தனியாக அல்ல, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். முறிந்த கிளை எது, புழு துளைத்த இடம் எது, புல்லுருவி எங்கே என்று அவர்களுக்குக் காட்டுங்கள். உச்சிவேளை நிழலின் ஓரத்தில் அவர்கள் கையால் ஒரு கூடை எருவை இடச் சொல்லுங்கள். தை மாதத்தில் அந்த மரம் பூக்கும்போது, அது தங்கள் மரம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.